பாதி விலைக்குக் கொடுத்த மரப்பாச்சிகள்

திருப்பதி மலையடிவாரத்தில் எங்களுக்குப் பொம்மைக் கடை. ஆந்திரா தனி ராஜ்யமான சமயம், எல்லைத் தகராறுக்குப் பயந்து பிரம்மோற்சவத்துக்குத் தமிழ் ஜனங்கள் அதிகம் வரவில்லை. கல்யாணச் சீருக்கு ஜோடியாக வாங்கும் மரப்பாச்சிகள் பரண் நிறையத் தங்கிவிட்டன.

"கெடக்கறத பாதி விலைக்குத் தள்ளிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். சரியென்றேன். சரக்கு தீர்ந்ததும், பெருமாள் கண் திறந்தார் என்றே நினைத்தேன்.

அதன்பின் எல்லாக் கடைகளிலும் ஜனங்கள் பாதி விலைக்கே கேட்டார்கள். கடைக்காரர்கள் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். எங்களுக்குப் பொம்மை செதுக்கும் நாராயணவனத்து ஆசாரியையும் காணோம். தேடிப் போனேன். அவர் மனைவி மரப்பாச்சிகளை அடுப்பில் செருகி எரித்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"நீங்க போட்ட விலைக்கு மரங்கூட வாங்க முடியாதுக்கா. பொம்மைய வெச்சிக்கினு துன்ன முடியுமா? வெறகாவாவது ஆவட்டும்."

நெருப்பில் மணப்பெண் முகம் கருகியது.

இப்போது பொம்மை மீந்தால், கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் ஏழைப் பெண்களுக்கு ஜோடியாகக் கொடுத்துவிடுகிறோம். ஆசாரி மறுபடியும் செதுக்குகிறார். ஆனால் பெருமாள் படத்தின் முன் நாங்கள் கற்பூரம் அணைத்து, விலையை உடைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் பொம்மை மூட்டையைக் கடையில் இறக்குகிறார்.