விவசாயி தேடிய மாப்பிள்ளை

என் தம்பிக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தோம். பெண்ணின் அப்பா விவசாயி. வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு. பேசும்போதெல்லாம் நகக்கண்ணில் இருந்த சேற்றை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டே இருந்தார். பெண் தம்பியைப் பார்த்துச் சிரித்ததை எல்லோருமே கவனித்தோம்.

காபி குடித்ததும் அவர் சொன்னார்: "பையன் தங்கமானவர்தாங்க. ஆனா பயிர் வைக்கிறாரே. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனின்னா கண்ண மூடிக்கினு குடுத்துடுவேன்."

"நீங்களும் பயிர் வைக்கிறவர்தானே?" என்றேன்.

"அதனாலதாங்க சொல்றேன்."

எங்களைத் திருவண்ணாமலை பஸ் ஏற்றிவிட வந்தவர், தம்பியின் கையைப் பிரியமாகப் பிடித்துக்கொண்டார். "உங்க நெலத்து மல்லாட்டை நல்லா காய்க்குதாமே. வெதைக்கு ஒரு மூட்டை குடுங்க தம்பி."

தம்பியும் ஒரு மூட்டை வேர்க்கடலை கொடுத்தான். அந்த விளைச்சலில்தான் சென்னை மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டதாக, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது நன்றியோடு சொன்னார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவதென்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.