முழுப் பேரும் வந்தாச்சா?

"இருபத்தஞ்சு நிமிஷம், கண்ணு" என்று சொல்லும்போது வெர்னா டாலிவர் தலையை நிமிர்த்துவதில்லை. பெயரைக் கேட்பாள், எத்தனை பேர் என்று கேட்பாள், பென்சிலால் எழுதிக்கொண்டே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கூடத்தை ஒரு தடவை துழாவுவாள். அந்த ஒரு பார்வையிலேயே கணக்கு முடிந்துவிடும். நாலாம் மேஜைக் கிழவர் தட்டைத் தள்ளிவிட்டார், ஆனால் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அவர் எழ இன்னும் கால் மணி நேரம். ஒன்பதாம் மேஜைப் பெண் கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டாள், ஆனால் வாய் ஓயவில்லை, பத்து நிமிஷம். பன்னிரண்டில் உட்கார்ந்திருக்கும் காதலர்கள் ஒரே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மேஜையை இன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

சிகாகோவில் லிங்கன் அவென்யூ முனையிலிருக்கும் பனோஸ் பான்கேக் ஹவுஸில் மேஜை மொத்தம் இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் வாசலில் கூடுகிற ஜனம் அதற்கு மூன்று மடங்கு. நடுவில் வெர்னா. வருகிறவர்கள் பெயரை எழுதி மேஜை ஒதுக்குகிற வாசல் மேஜைதான் பதினேழு வருஷமாக அவளுக்கு. கடை பனோஸுடையது. ஆனால் கடைக்குள் யார் போவது என்பது வெர்னாவுடையது.

அவளிடம் ஒரே ஒரு சட்டம். வரவேண்டிய எல்லோரும் வந்து நின்றால்தான் மேஜை. இரண்டு பேர் என்று எழுதினால் இரண்டு தலை தெரிய வேண்டும். ஆறு என்றால் ஆறு. ஒரு அன்னையர் தினத்தில் ஒருவர் பதினாலு பேர் என்று சொல்லி மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போடச் சொன்னாராம். ஐம்பது நிமிஷம் ஒற்றை ஆளாக, ஒரு பலூனோடு, தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் வந்தது நாலு பேர். வாசலில் கைக்குழந்தையோடு நின்றவர்கள் கண்ணாடி வழியாக அந்தப் பலூனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறந்தது சட்டம். "முழுப் பேரும் வந்தாச்சா?" என்ற அவளுடைய கேள்விக்கு "கிட்டத்தட்ட" என்று பதில் சொன்னவர்கள் யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் சமையலறையில் நின்றபடி சாப்பிடும்போது வெர்னாவின் கச்சேரி தொடங்கும். அன்றைக்கு வாசலில் கேட்ட பொய்களை அந்தந்தக் குரலிலேயே எடுத்துவிடுவாள். வக்கீல் மாதிரி ஒருவர், அடிவயிற்றிலிருந்து: "இங்க பாரும்மா, என் மனைவி பாத்ரூம்ல இருக்காங்க." வெர்னா, தன் குரலில்: "எங்க பாத்ரூம்லயா சார்?" அவர், சுருதி இறங்கி: "எங்க வீட்டு பாத்ரூம்ல." அடுத்து காலேஜ் பையன்கள், மூக்கால்: "அக்கா, அவன் எந்திரிச்சுட்டான்க்கா. சத்தியமா. மெசேஜுக்கு பதில் போட்டுட்டான்." பிறகு ஒரு மருமகள், கீச்சுக் குரலில்: "மாமியார் இறங்கிட்டாங்க, இதோ வந்துடுவாங்க." "பஸ்ஸுலேர்ந்தா?" "பிளேன்லேர்ந்து." பான்கேக் கல்லுக்குப் பின்னால் பனோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் பரிமாறும் பெண்ணிடம் நடந்துகொள்வதை வைத்து எடைபோடுவது அவளுடைய இன்னொரு பழக்கம். மெனு அட்டையை வாங்கும்போது முகத்தைப் பார்த்து வாங்குகிறானா, கூரையைப் பார்த்து வாங்குகிறானா? காப்பி ஊற்ற வந்தால் பேச்சை நிறுத்தி நன்றி சொல்கிறானா, கோப்பையை மட்டும் நகர்த்துகிறானா? "ஜாதகமெல்லாம் எதுக்கு? ரெண்டு முட்டை வாங்கிக் குடுத்துப் பாரு, மனுஷன் தெரிஞ்சுடுவான்" என்பாள். அவளுடைய முதல் கணவன் இந்தப் பரீட்சை நடப்புக்கு வருமுன் வந்தவன். அதனால்தான் தப்பித்தான் என்று மக்தா சொல்வாள். மக்தா போலந்துக்காரி, அதே கடையில் இருபது வருஷமாகப் பரிமாறுகிறவள், வெர்னாவை எதிர்த்துப் பேசும் உரிமையுள்ள ஒரே ஆள்.

அந்தப் பரீட்சையில்தான் கர்ட்டிஸ் மேப்ரி தோற்றான்.

வெர்னாவின் தங்கை லெனோர், பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு வேலை பார்க்கிறவள், ஐம்பது வயதில் ஒருவனை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், நல்ல உயரம், நல்ல சட்டை. வெர்னா தன் கையாலேயே ஜன்னலோர மேஜையைக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் அவன் மக்தாவைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். "சிரப்!" என்றான். வாசல் மேஜைவரை கேட்டது. கோட்டு மாட்டும் மூலையில் தங்கையை நிறுத்தி வைத்து வெர்னா சொன்னாள்: "இன்னிக்கு அவளைச் சொடுக்குறான். கல்யாணமானா உன்னைச் சொடுக்குவான். வேண்டாம்டி." லெனோர் அவனையே கட்டிக்கொண்டாள். வெர்னா கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

போன ஏப்ரலில் ஒரு புதன்கிழமை போனில் லெனோரின் குரல் பதிவாகியிருந்தது. "அக்கா, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு உன் கடைக்கே வரேன். உக்காந்து பேசுவோம். நீயும் உக்காரணும், வாசல்ல நின்னுக்கிட்டே பேசினா நான் போயிடுவேன்." ஊரில் உள்ளவர்கள் குரலையெல்லாம் எடுத்துவிடுகிறவள் அதை மட்டும் யாருக்கும் செய்துகாட்டவில்லை. பனோஸிடம் போய் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் லீவு கேட்டாள். பனோஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உடம்புக்கு என்னம்மா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு வெர்னா சர்ச் கோட்டும் தொப்பியுமாக நடைபாதையில் வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள். வாசல் மேஜையில் அன்றைக்கு மக்தா. கையில் பட்டியல், காதில் பென்சில், முகத்தில் பதினேழு வருஷம் காத்திருந்து கிடைத்த சந்தோஷம்.

"பேரு?" என்றாள் மக்தா.

"ஏன்டி, உனக்குத் தெரியாதா?"

"வரிசையில நிக்கிறவங்க பேரெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்?"

"வெர்னா."

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

மக்தா தலை நிமிராமல் எழுதினாள். "இருபத்தஞ்சு நிமிஷம், கண்ணு." அச்சு அசல் வெர்னாவின் குரல். உள்ளே முதல் மேஜையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சரியாக இருபத்தைந்தாவது நிமிஷத்தில் மக்தா வாசலுக்கு வந்து, "வெர்னா, ரெண்டு பேர்!" என்று கூவினாள். வெர்னா முன்னால் வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். லெனோரைக் காணோம்.

"முழுப் பேரும் வந்தாச்சா?"

"முனையில வந்துட்டு இருக்கா" என்றாள் வெர்னா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்பது அவளுக்கே உறைத்தது.

"முனை எங்கயும் ஓடிடாதுங்க. ஆள் வந்ததும் சொல்லுங்க." மக்தா அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். "அக்கா, மெசேஜ் போட்டீங்களா? பதில் வந்துச்சா?" என்று அதில் ஒருவன் கேட்டான். வேறொரு நாளாக இருந்தால் அவனுக்கு ஒரு மணி நேரம் மேஜை கிடைத்திருக்காது.

பதினொன்றே கால். ஏரிக் காற்று தொப்பியைத் தூக்கியது. இன்னொரு தடவை பெயரைக் கூப்பிட்டார்கள், இன்னொரு தடவை வெர்னா உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள். பனோஸ் ஏப்ரனோடு வெளியே வந்தார். "என்னம்மா இது கூத்து? பின்பக்கமா உள்ள வா. கிச்சன் ஓரம் சின்ன மேஜை சும்மாதான் கிடக்கு. தங்கச்சி வந்தா அனுப்பி வைக்கிறேன்."

"இத்தனை பேரும் என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, பனோஸ்."

"பாத்தா பாக்கட்டும்!"

"அடுத்த வாரம் இவங்களுக்கு நான் எந்த மூஞ்சியோட நேரம் சொல்றது? நீங்க உள்ள போங்க, பான்கேக் தீயுது."

அவர் போனதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசலில் அந்தப் பெஞ்சைப் போடச் சொன்னதே அவள்தான். இதுவரை அதில் அவள் உட்கார்ந்ததில்லை. கம்பி முதுகை அறுத்தது. பதினேழு வருஷமாக ஜனங்கள் ஏன் எழுந்து எழுந்து வந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நச்சரித்தார்கள் என்பது பத்தே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இருந்தாலும் அவள் எழுந்துபோய்க் கேட்கவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு லெனோர் வராவிட்டால் இனிமேல் வரவே மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை கூப்பிடுகிற பழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

பதினொன்றரைக்கு லெனோர் வந்தாள், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக, கழுத்துத் துணி ஒரு பக்கம் தொங்க. அக்காவின் முன்னால் வந்து நின்றாள். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இருவருக்குமே தெரியாததால், கை பாதி தூக்கியபடி நின்றது.

"இளைச்சுட்டியே" என்றாள் வெர்னா.

"நீ இளைக்கல" என்றாள் லெனோர்.

அதோடு பாதிச் சண்டை முடிந்துவிட்டது. அதற்குள் மக்தா வாசலுக்கு வந்துவிட்டாள். "வெர்னா, ரெண்டு பேர்! ஜன்னலோரம் காலி. முழுப் பேரும் வந்தாச்சா?"

வெர்னா தங்கையின் கையைப் பிடித்து ஓரடி எடுத்து வைத்தாள். லெனோர் நகரவில்லை. இரண்டு தெரு தள்ளி எங்கேயோ பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, வா."

"லெனோர்."

"அவர்தான் கொண்டாந்து விட்டாரு. கார்லயே இருக்கேன்னு சொல்லிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வாங்க, நான் பேப்பர் படிக்கிறேன்னாரு. நான்தான் வழியெல்லாம் உள்ள வாங்கன்னு சண்டை போட்டேன், அதான் லேட். வாக்கா, மேஜை போயிடும்."

"சாப்பிட்டாரா?"

"இல்ல."

வெர்னா மக்தாவைப் பார்த்தாள். மக்தாவுக்குக் காது நீளம்; எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"என்னைப் பாக்காத" என்றாள் மக்தா, குரலைத் தாழ்த்தி. "சொடுக்கினது என்னை. நான் அன்னிக்கே சிரப்பைக் கொண்டுபோய் டொக்குனு வெச்சுட்டு மறந்துட்டேன். ரெண்டு வருஷமா தூக்கிக்கிட்டுத் திரியறது நீதான்."

வரிசையில் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலோர மேஜையில் ஒரு பெண் புதுக் கரண்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெர்னா அந்த மேஜையைப் பார்த்தாள். நல்ல வெயில் விழுகிற மேஜை, காற்று படாத மேஜை.

"வரலடி" என்றாள் மக்தாவிடம்.

"என்னது?"

"எங்க ஆளு முழுசா வரல. மூணுன்னு போட்டுக்க."

லெனோர் கழுத்துத் துணியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மக்தா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "ஆள் கூடினா கடைசிக்குப் போகணும். நாலு பேர் மேஜைக்கு இப்ப ஐம்பது நிமிஷம் ஆகுது. ஒத்துக்கிறீங்களா?"

"ஐம்பத்தஞ்சு. ஆறாம் மேஜையில குழந்தை இப்பத்தான் கேக் கேட்டிருக்கு, பாரு." பிறகு தங்கையிடம் திரும்பினாள். "போய்க் கூட்டிட்டு வா. பசியோட பேப்பர் படிச்சா என்ன ஏறும்?"

ஜன்னலோர மேஜை பின்னால் நின்றவர்களுக்குப் போயிற்று. வெர்னா திரும்பப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கர்ட்டிஸ் மேப்ரி வருவதற்கு ஏழு நிமிஷம் ஆயிற்று. மனைவிக்கு நாலடி பின்னால், மடித்த பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். பெஞ்சிடம் வந்ததும் நின்றான். லெனோர் அக்காவின் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகுமாம்?" என்று மனைவியிடம் கேட்டான்.

"அம்பது நிமிஷத்துக்குக் குறையாது" என்று வெர்னா பதில் சொன்னாள்.

"பரவால்லீங்க. நான் நிக்கிறேன்."

வெர்னா தன் வலது பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.