என் இடத்தில் அவள் வாசித்த ஞாயிறுகள்

சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த எங்கள் பங்குக் கோவிலில், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முதல் வாசகம் வாசிப்பது நான்தான். எழுபதுகள் முழுக்க நான்தான். வாரம் முழுக்கக் கப்பல் பட்டறை ஸ்டோரில் நட்டு, போல்ட்டு, வால்வு என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவனை ஞாயிற்றுக்கிழமை கோவிலே நிமிர்ந்து பார்க்கும். மைக் வேலை செய்யாத நாளிலும் என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போகும். என் மனைவி நடு வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். அவளுக்கும் வாசிக்க வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோன சமயம், நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. இளவயதிலிருந்தே சிகரெட் பிடித்தவன் நான். சதையை எடுத்துச் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள். கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். அப்புறம் வாரக்கணக்கில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முகத்துக்கு அச்செடுத்துச் செய்த மூடியை மாட்டி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். வாயெல்லாம் வெந்து, கஞ்சிகூட இறங்காமல், சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. ஆனால் நோய் போய்விட்டது. டாக்டர் கைகுலுக்கினார்.

எச்சில் ஏன் ஊறவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"சுரப்பிக்கும் கரண்டு பட்டிருக்கு. கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸி கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். "தண்ணி போத்தல் எப்பவும் கையிலேயே இருக்கட்டும் அண்ணே. மடமடன்னு குடிக்க வேணாம், சும்மா நனைச்சுக்கிட்டா போதும் லா. மிட்டாய் மட்டும் சப்பாதீங்க, இருக்கிற பல்லும் போயிரும்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது டக்கென்று சத்தம் வரும். சோறு வாய்க்குள் மணலாகக் கிடக்கும். ரொட்டியை விழுங்கவே முடியாது. மிளகாய்ச் சம்பால் பட்டால் நெருப்பு. மனைவி எல்லாவற்றையும் குழம்பில் ஊறப்போட்டுக் கொடுத்தாள். மீனை மசித்து ரசத்தில் கரைத்தாள். படுக்கப் போகும் முன் நாக்கில் நல்லெண்ணெய் தடவிவிட்டாள், அதனால்தான் கொஞ்சமாவது தூங்கினேன்.

பொறாமை அப்போதுதான் வந்தது. முதலில் ஊரில் இருந்த எல்லோர் மேலும் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர் அபராதத்துக்குப் பயந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சாக்கடையில் தாராளமாகத் துப்பினார். வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். நான் அந்த எச்சிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு இருக்கிறது இவரிடம், வேண்டாம் என்று துப்புகிறார். தேக்கா மார்க்கெட்டில் மாங்காய்க் குவியலைப் பார்த்த என் மனைவி, "பாத்தாலே வாய் ஊறுதுங்க" என்று சொல்லிவிட்டு, உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் ஊறத்தானே செய்யும்.

சில மாதம் கழித்து நானே ஃபாதரிடம் போனேன். அடுத்த ஞாயிறு வாசிக்கிறேன் என்றேன்.

"அவசரம் வேணாமே" என்றார்.

"முடியும் ஃபாதர்."

ஞாயிறன்று வாசக மேடையில் ஏறும் முன் வாயை நன்றாக நனைத்துக்கொண்டேன். போத்தலை மேலே கொண்டுபோக வெட்கப்பட்டுப் பெஞ்சிலேயே வைத்துவிட்டேன். தலைப்பு நன்றாகவே வந்தது. இரண்டாம் பத்திக்குள் நுழையும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த டக் சத்தத்தை மைக் கோவில் முழுக்கக் கொண்டுபோனது. மறுபடி முயன்றேன், மறுபடி டக். அடுத்த சொல் கண்ணுக்குத் தெரிகிறது, வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. யாரோ இருமினார்கள். அப்போது பக்கத்தில் புடவைச் சரசரப்பு கேட்டது. என் மனைவி படியேறி வந்திருந்தாள்.

"நீங்க உக்காருங்க" என்று காதோரம் சொன்னாள். நான் விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து எடுத்து, பதறாமல், முடிவு வரை வாசித்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால் அவளைச் சுற்றிக் கூட்டம். "இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் போத்தலைத் திறந்து குடிக்கத் தொடங்கினேன், அவர்கள் போகும்வரை குடித்தேன்.

அடுத்த வாரத்துக்கும் ஃபாதர் அவளையே கேட்டார். அதற்கடுத்த வாரமும்.

சனிக்கிழமைகளில் அவள் சமையலறையில் நின்று வாசித்துப் பழகுவாள். நான் கூடத்தில் இருந்துகொண்டு பிழை பிடிப்பேன். "வாழ்வு. வால்வு இல்ல. வால்வு எங்க ஸ்டோர்ல இருக்கு."

"வாழ்வு" என்று திருத்திச் சொல்வாள். சரியாகவே சொல்வாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

கோவிலில் அவள் ஒவ்வொரு பத்தி முடிவிலும் நாக்கு நுனியால் உதட்டை நனைத்துக்கொள்வாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. எனக்கு வாசகம் காதில் விழாது. அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்து நற்கருணை. அந்த மெல்லிய அப்பம் எல்லோர் நாக்கிலும் கரைந்துவிடும், என் அண்ணத்தில் மட்டும் காகிதம்போல ஒட்டிக்கொள்ளும். மண்டியிட்டபடி விரலை விட்டுத் தள்ளவும் முடியாமல் தவிப்பேன். அவளோ பக்கத்தில் கண்ணை மூடி நிம்மதியாக இருப்பாள். ஒருநாள் இதை அவளே கவனித்து, என்னிடம் சொல்லாமல் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு எனக்கு ஒரு சின்னத் துணுக்கும், விழுங்கக் கொஞ்சம் தண்ணீரும் கிடைத்தன. அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நான் வாசிக்கிறப்போ எதுக்கு அப்படி மொறைக்கிறீங்க? எனக்கு வரி தவறிப்போகுது."

"மொறைக்கல. உன் வாயைப் பாக்குறேன்."

"வாயில என்ன?"

"ஈரம்."

முதலில் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் வாசிக்கலைங்க" என்றாள்.

நான் "வாசி" என்று சொல்லவில்லை. அடுத்த நாளே அவள் விலகிக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்குப் பதிலாக, ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் ஏறினார். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதையும் பார்க்காமல், விமான நிலைய அறிவிப்புபோல வாசித்துத் தள்ளினார். பிள்ளைகள் நெளிந்தார்கள். இரண்டு மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் அவர் வாசிக்கையில் என் மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைக் கண்டேன். ஒவ்வொரு சொல்லையும் சரியான இடத்தில் நிறுத்தி, தனக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னேன். "அந்த மனுஷன் கொல்றாரு. நீயே வாசி."

"அப்புறம் நீங்க மறுபடி என் வாயைப் பாத்துக்கிட்டு உக்காருவீங்க."

"பாப்பேன். அதுக்கு என்ன பண்றது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும் இடம் நெருங்கியபோது, "மன்றாட்டு வாசிங்களேன்" என்றாள். "ஒவ்வொண்ணும் ஒரு வரிதான். வரி முடிஞ்சதும் சனங்க பதில் சொல்லுவாங்க இல்ல? அந்த நேரத்துல ஒரு வாய் நனைச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது."

எனக்கு அது தோன்றவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஃபாதரிடம் சொன்னதும், வாசிக்கும் மேசைக்குள் ஒரு தம்ளர் வைக்க ஏற்பாடு செய்தார். அந்த ஞாயிறு அவள் முதல் வாசகம் வாசித்துவிட்டு இறங்கினாள். பிரசங்கம் முடிந்தபின் நான் ஏறினேன். ஒரு வரி, மக்கள் பதில், ஒரு மடக்கு. ஒரு வரி, பதில், மடக்கு. நோயாளிகளுக்கான வரியில் மட்டும் நாக்கு கொஞ்சம் இழுத்தது. இழுத்தால் என்ன, முடித்துவிட்டேன். குரல் பழைய குரல் இல்லை, கடைசி பெஞ்சுக்குப் போயிருக்காது. ஆனால் நடு வரிசைக்குப் போயிற்று. அங்கிருந்து அவள் தலையாட்டினாள்.

அப்படியே எண்பதுகள் ஓடின. எச்சில் இடது பக்கம் லேசாக வந்தது, வலது பக்கம் வரவே இல்லை. வாய் உலர்ந்ததால் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி, பாதிக்குமேல் பிடுங்கியாயிற்று.

ஒருமுறை எங்கள் பங்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு வந்து, வாசகத்துக்கு அவளை மட்டும் கேட்டார்கள். மன்றாட்டை மாப்பிள்ளையின் அக்காவே வாசிக்கிறாராம். எனக்கு முதுகு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் அவள் பட்டுப் புடவையோடு வந்து, கையில் இருந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உதிரி உதிரியான சோறு. சால்னாவைக் குழைய ஊற்றிப் பிசைந்து என் முன்னால் வைத்தாள்.

"எப்படி வாசிச்சே?" என்று கேட்டேன்.

முன்பெல்லாம், "ஏதோ வாசிச்சேன்" என்பாள். அன்று தோட்டைக் கழற்றிக்கொண்டே, "ரொம்ப நல்லா வாசிச்சேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீரை எடுத்து ஒரு வாய் நனைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.