வராண்டாவில் வைத்த சிபியு

செங்கல்பட்டில் காது பரிசோதனை மையம் நடத்தும் மேடத்திடமிருந்து போன். காது கேட்காத பிள்ளைகளுக்கு மிஷின் பொருத்தி டியூன் செய்கிறவர். "கம்ப்யூட்டர்ல பேஷண்ட் பேரைத் தட்டினா அப்படியே நிக்குது சார்" என்றார்.

இப்படி நின்றால் பத்து தடவை ஆஃப் செய்து ஆன் செய்து, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பினேன்.

மேஜையில் மானிட்டர் மட்டும் இருந்தது.

"சிபியு வராண்டாவுல இருக்கு சார். ஃபேன் சத்தம் டெஸ்டுக்கு இடைஞ்சலா இருந்தது. சுவத்துல ஓட்டை போட்டு கேபிளை வெளிய எடுத்துட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போது பெரும்பாலும் சத்தம் கொடுக்கும். அது காதில் விழாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வராண்டா பெஞ்சில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவர் மகள் நிலோஃபரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பெண். காதில் மிஷின் இல்லை.

"இந்தப் பொட்டி டொக்கு டொக்குனு அடிச்சிகினு கீதுண்ணா. போன தபாவே இவ காத வெச்சு கேட்டுகினு இருந்தா. வெள்ளாடுறான்னு வுட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா.

நிலோஃபருடைய பழைய மிஷின் கடல் அலையில் போய்விட்டது. புதுசு வாங்கி வந்திருக்கிறார்கள். பழைய டியூனிங்கை அதில் ஏற்ற வேண்டும்.

"அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். எந்தச் சத்தத்துக்கு அழுதா, எதுக்குத் திரும்பினா, எல்லாம் அந்த டேட்டாபேஸ்லதான் இருக்கு" என்றார் மேடம்.

"பேக்கப்?"

"அதே டிஸ்க்ல. டி டிரைவ்ல."

திட்டு வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். பழைய டிஸ்கிலிருந்து படிக்க மட்டும்தான் செய்யலாம், அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. முழு டிஸ்கையும் ஒரு புது எஸ்எஸ்டி டிஸ்குக்கு அப்படியே நகலெடுக்க குளோன் போட்டேன். பாதியில் நின்றது.

"இன்னாண்ணா, வந்துடுமா?"

"வந்தா சொல்றேம்மா." பொய்த் தைரியம் சொல்ல எனக்கு வராது.

படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லி மறுபடி ஓடவிட்டேன். கடைசி வரை போனது. எஸ்எஸ்டியை வராண்டா பெட்டியில் மாட்டி ஆன் செய்தேன். டேட்டாபேஸ் செக் போட்டதில் பிழை இல்லை. மேடம் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க. அந்தப் பொண்ணு பேரைத் தட்டுங்க."

அவளுடைய காது கிராஃப் வந்தது. மேடம் டியூனிங்கைப் புது மிஷினில் ஏற்றி, அவள் காதில் மாட்டினார்.

நிலோஃபர் நேராக வராண்டாவுக்கு ஓடி, பெட்டியில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து இல்லை என்று கையை விரித்தாள்.

"கேக்கலியாடி?" அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது.

எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, டொக்கு டொக்கெல்லாம் வராது என்று நான் சொல்வதற்குள், மேடம் அவளுக்குப் பின்னால் கதவருகே நின்று, சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"நிலோ."

அவள் திரும்பினாள்.

இப்போதெல்லாம் ஸ்கிரீனில் 'காப்பி முடிந்தது' என்று வந்ததும் நான் பையைக் கட்டுவதில்லை. யாருக்காக அந்த டேட்டாவோ அவர் திரும்பிப் பார்க்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.