ஒரு சோலைக்கிளியின் சரியான எடை

எடை போடவேண்டிய பையைப் பிழிந்து முகம் துடைத்துக்கொண்டவன் நான். பறவை ஆய்வில் இருபது வருடம் களப்பணி பார்த்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் குற்றம் முழுமையாகும்.

மழைக்காலத்தில் மலைப்பறவைகள் எவ்வளவு இளைக்கின்றன என்று பார்க்கக் குற்றாலத்துக்கு மேலே போயிருந்தோம். வலையில் விழும் பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்போம். காலில் வளையம் மாட்டி, ஒரு இறகை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவோம். பிறகு வெறும் பையை எடை போட்டுக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

ஐந்து நாளாகச் சோலைக்கிளி ஒன்றுகூடச் சிக்கவில்லை. பெயரில்தான் கிளி, நீல உடம்பும் வெள்ளை வயிறுமாக உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் எடை இல்லாவிட்டால் எங்கள் குழுத்தலைவி மேடத்தின் ஆய்வே அந்தரத்தில் நிற்கும். வனத்துறை அனுமதியோ அன்று பகல் பன்னிரண்டோடு முடிகிறது.

பத்தரைக்கு வலை துள்ளியது. சோலைக்கிளியேதான்! சாரலில் ஊறியிருந்த பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். நாற்பத்தேழு கிராம். காலையில் காய்ந்த பையை நிறுத்துக் குறித்திருந்தது பத்து. மீதி முப்பத்தேழு! இருபதை ஒட்டி நிற்கவேண்டிய பறவை! வளையம் மாட்டி, இறகு எடுத்து, பறக்கவிட்டுவிட்டுக் கத்தினேன்.

“மேடம், இது புது இனமாவே இருக்கலாம்!”

“பறவையை விட்டதும் அந்த வெறும் ஈரப் பையை எடை போட்டீங்களா சார்?”

கையைப் பார்த்தேன். பரவசத்தில் பையைப் பிழிந்து முகத்தையும் துடைத்து முடித்திருந்தேன்.

துணைக்கு வந்த வனத்துறை வாச்சர் மாடசாமி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “தண்ணிக்கும் சேத்துல்லா எட போட்டிருக்கீய!”

மேடம் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

பதினொன்று நாற்பதுக்கு வலை மறுபடி துள்ளியது. பாசியில் இரண்டு தடவை சறுக்கி ஓடினேன். சோலைக்கிளி! காலில் நாங்கள் மாட்டிய அதே வளையம்! சட்டைக்குள் பொத்தி வைத்திருந்த காய்ந்த பையில் போட்டேன். முப்பத்தொன்று. பறவை பறந்த மறுநொடி பை தராசில். பத்து. ஆக, இருபத்தொன்று. மேடம் கைதட்டியே விட்டார்.

அன்றிலிருந்து வெறும் பையை நிறுக்காமல் நான் மூச்சுகூட விடுவதில்லை. முகத்துக்குத் துண்டு தனி.

இறங்கும்போது அண்ணாச்சியிடம் லேசாக ஆரம்பித்தேன்: “வலையை எங்க கட்டணும்னு ஒரு கணக்கு இருக்கு அண்ணாச்சி.”

“ஒரு கணக்கும் இல்ல சார். அது குளிக்கப் போற பாதையில கட்டிருக்கீய. குத்தாலத்துல இருந்துக்கிட்டு ஒரு தடவையோட நிறுத்துமா?”