காது கிழிந்த மந்தி

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற சோலி இல்லையாவே" என்று எழுந்து போகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்பாசமுத்திரம் பக்கம் பதினெட்டு ஏக்கர் வாழை போட்டவன், யாரிடமும் கைகட்டி நின்றதில்லை.

தோட்டத்தில் குரங்குத் தொல்லை. மற்றவர்கள் விஷம் வைத்தார்கள், நான் வைக்கவில்லை. கூண்டு வைத்துப் பன்னிரண்டு குரங்கையும் பிடித்து, மலையில் விட்டுவரச் சொல்லி சண்முகத்திடம் கொடுத்தேன். முப்பது வருஷமாக என் தோட்டத்தைப் பார்த்தவன், என் வீட்டுச் சாவியே அவனிடம்தான் இருந்தது. சாயங்காலம் வந்து, "பாவநாசத்துக்கு மேல எறக்கி விட்டுட்டேன் அண்ணாச்சி, துள்ளிக்கிட்டு ஓடுதுவ" என்றான். நான் கேட்காமலே ஆற்றில் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியமும் செய்தான். ஓர் உயிரைக்கூடக் கொல்லாமல் வாழை வளர்த்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம், எனக்கு எழுபது முடிந்த அன்று, அடிபட்ட காட்டு மிருகங்களை மீட்டு வைத்திருக்கிற இடத்துக்கு இரண்டு தார் பழத்தோடு போனோம். நான்தான் காரை ஓட்டினேன், சண்முகம் பின்சீட்டில். நல்ல உச்சிவெயில். மிளா மான், கரடி எல்லாம் பார்த்துவிட்டுக் குரங்குக் கூண்டுக்கு வந்தால், இடது காது கிழிந்த மந்தி. என் தோட்டத்துக் களவாணி, ஆயிரம் குரங்குக்கு நடுவில் நின்றாலும் எனக்குத் தெரியும்.

"இது எங்கன கெடைச்சுதும்மா?" என்று பராமரிக்கிற பெண்ணிடம் கேட்டேன்.

"ஆத்துல ஐயா. எந்தப் பாவியோ சாக்குல கட்டிப் போட்டிருக்கான். பதினொண்ணு செத்துப்போச்சு, இது மட்டும் பொழைச்சுது."

"அது வேற குரங்கு அண்ணாச்சி" என்றான் சண்முகம். அவனிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை.

மந்தி அவனைப் பார்க்கவில்லை. அவன் காலுக்குப் பின்னால் வெறுந்தரையைப் பார்த்து, குட்டியைக் கூப்பிடுவதுபோல மெல்லக் குரல் கொடுத்தது. ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தது. நானும் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சண்முகம் மட்டும் திரும்பவே இல்லை.

காரில் ஏறினதும் கேட்டேன். "ஏம்லே என்னைய ஏமாத்துன? மலைக்குப் போவ முடியாதுன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பம்லா. அந்தத் தண்ணியிலயே நின்னு சத்தியமும் பண்ணியிருக்கியேலே."

கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேர் உட்காருகிற சீட்டில், காலை ஒடுக்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தான்.

அவன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். இறங்கினவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"சாத்துலே."

"இருங்க அண்ணாச்சி, அதுக எறங்கட்டும்."

மார்க்கெட்டில் தார் சுமந்து முன்னுக்கு வந்த உடம்பு இது, பாரம் இறங்கினால் எனக்குத் தெரியாமல் போகாது. ஒரு சீப்புப் பழத்தை எடுத்தாற்போல, காரின் பின்பக்கம் லேசாக எழும்பியது. மறுபடி எழும்பியது. பதினோரு தடவை. அதன் பிறகுதான் கதவைச் சாத்தினான்.

அவன் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் என் காரிலிருந்து யார் இறங்கினாலும், என் இடுப்பு தானாக எண்ண ஆரம்பிக்கிறது.