அப்பாவின் ஜீன்ஸில் காய்த்த தக்காளி

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாக உடைந்து குப்பைக்குப் போய்விட முடியாது. உடைந்த மறுநாளே அம்மா அதன் அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, ஏதாவது ஒரு செடியை நட்டுவிடுவாள். பிடி போன குக்கரில் கொத்தமல்லி. கீறல் விட்ட ஹெல்மெட்டில் பசலைக்கீரை. ஜிப் போன என் ஸ்கூல் பேக்கில் புதினா. எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் பழைய ஜீன்ஸ். கால் இரண்டையும் அடியில் தைத்து, இடுப்பு வரை மண்ணை அடைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். இடுப்புக்கு மேலே தக்காளிச் செடி. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருமுறை அதைப் பார்த்து, "சார், கொஞ்சம் நகருங்க" என்றார்.

அப்போது மாரண்டஹள்ளியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நல்ல செம்மண் சும்மா கிடந்தது, அதுதான் என் எரிச்சல். வீட்டுக்கார அக்காவே, "பின்னால அவ்ளோ எடம் கெடக்குதுங்க, நட்டுக்கங்க" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். அம்மா "சரிங்கக்கா" என்பாள். பிறகு அந்த மண்ணையே வாரி வந்து ஓட்டை பக்கெட்டில் போடுவாள். ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான், சிநேகிதிகள் வீட்டுக்கு வருகிறோம் என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

அந்த வருடம் வீட்டுக்கார அக்காவின் மகனுக்குக் கல்யாணம் முடிவாகி, வீடு வேண்டும் என்றார்கள். அப்பா தருமபுரியில் வேறு வீடு பார்த்துவிட்டு, சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துவந்தார். ஒரே நடை என்று முன்பே பேச்சு. பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏறியதும் ஒரு மூலைதான் மிச்சம் இருந்தது. அதில் என் படிப்பு மேசை வர வேண்டும், இல்லையென்றால் அம்மாவின் செடிகள் வர வேண்டும்.

"அந்தக் குப்பைய வுட்டுட்டு வா. அங்க போயி புதுத் தொட்டி வாங்கித் தரேன்" என்றார் அப்பா.

டிரைவர் அண்ணனும், "ஏங்க, இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்கா, வூட்டுக்கா?" என்று சிரித்தார்.

அம்மா குக்கரைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தாள். பிறகு ஹெல்மெட், பிறகு பேக். கடைசியில் அப்பாவே தலையில் அடித்துக்கொண்டு, தன் ஜீன்ஸைத் தானே கட்டிப்பிடித்துத் தூக்கி ஏற்றினார். மேசையை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியவர்கள் சொல்லும் இன்னொரு நாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அழுது தீர்த்தேன்.

அப்பா பைக்கில் முன்னால் போனார். நானும் அம்மாவும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாலக்கோட்டில், மாரண்டஹள்ளிக்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ரோட்டோரமே வந்தது. மதிலுக்கு மேல் கறிவேப்பிலை மரம் தலை நீட்டியிருந்தது. யாரோ ஒரு பெண் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வண்டியை மெதுவாகப் போகச் சொன்னாள்.

"நான் வெச்சதுங்கண்ணா. வெச்சப்ப வெரலு ஒசரம்" என்றாள்.

"எறங்கிக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கங்களேன்" என்று அவர் பிரேக்கில் கால் வைத்தார்.

"வேணாங்க. போலாம்."

தருமபுரி வரும்வரை நான் மேசையை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும், அம்மா செடிகளை வாசலில் அடுக்கித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு பிள்ளைகள் ஜீன்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்கியே மண்ணுல வெச்சிருந்தா எல்லாத்தையும் வுட்டுட்டு வந்திருக்கலாமில்லமா? என் டேபிளாவது வந்திருக்கும்."

"அதனாலதாண்டி வெக்கல" என்றாள் அம்மா, நிமிராமல்.

நான் ஒன்று கேட்டால் இவள் ஒன்று சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.